கார் ஏசியில் ஈரத்துணி வாடை, தலைவலி, தூக்கம்: ப்யூரிஃபையர் வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்

கேட்டவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக சிறுசேரிக்கு தினமும் காரில் போய் வருகிறார், கூட வேலை செய்யும் மூன்று பேரும் அதே காரில் வருகிறார்கள். வண்டி வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. ஏசி போட்ட முதல் இரண்டு நிமிஷம் காயாத துணியின் வாடை வருகிறது. சாயங்காலம் திரும்பும்போது எல்லோருக்கும் தலை கனக்கிறது, தூக்கம் சொக்குகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆறு வயது மகனைக் கூட்டிக்கொண்டு போனால் அவன் தும்மிக்கொண்டே வருகிறான். ஐயாயிரம் ரூபாயில் ஒரு கார் ஏர் ப்யூரிஃபையர் பார்த்து வைத்திருக்கிறார், வாங்கலாமா என்பது கேள்வி. கூடவே, டேஷ்போர்டிலிருந்து பென்சீன் வருகிறது, ஏசியை உடனே போடாதே என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தி உண்மையா என்றும் கேட்கிறார்.

இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்களுக்கு இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, மூன்று. வாடை வருவது ஒரு இடத்திலிருந்து, தூக்கம் வருவது வேறொரு காரணத்தால், தும்மல் பெரும்பாலும் மூன்றாவது ஒன்றால். மூன்றுக்கும் மூலத்தைப் பிடிக்காமல் மேலே ஒரு மெஷினை வைத்தால் பணம்தான் போகும். நான் பதினெட்டு வருஷமாக கார் ஏசி வேலையில் இருக்கிறேன், இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு வாரத்துக்கு ஒருவராவது வருகிறார், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த வாடை. டேஷ்போர்டுக்கு உள்ளே, இடதுபக்க சீட்டுக்கு எதிரே, கூலிங் காயில் இருக்கிறது. மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கிய ஒரு பெட்டி. ப்ளோயர் தள்ளும் காற்று அதற்குள் புகுந்து குளிர்ந்து வருகிறது. குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கம் வேர்ப்பதைப்போல அந்தத் தகடுகளிலும் தண்ணீர் கோத்துக்கொள்ளும். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இங்கே நிறையவே கோக்கும். அந்தத் தண்ணீர் ஒரு சின்ன குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். நீங்கள் வண்டியை நிறுத்தி ஏசியையும் இன்ஜினையும் ஒன்றாக அணைத்துவிட்டுப் போகிறீர்கள், காயில் ஈரமாகவே இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் ரோட்டுத் தூசியும் படிந்திருக்கிறது. ஈரம், இருட்டு, தூசி மூன்றும் சேர்ந்தால் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வேறு என்ன வேண்டும்? அடுத்த நாள் காலையில் ப்ளோயர் ஓடியதும் முதலில் வருவது அந்த வாடைதான். பிறகு காயில் குளிர்ந்து புதுத் தண்ணீர் கோத்ததும் வாடை அடங்கிவிடும், அதனால் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். சரியாகவில்லை.

இதற்கு காசில்லாத ஒரு பழக்கம் இருக்கிறது. வீடோ ஆபீஸோ போய்ச் சேர நான்கைந்து நிமிஷம் இருக்கும்போது ஏசி பட்டனை மட்டும் அணையுங்கள், ப்ளோயர் ஓடட்டும், வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். காயில் முழுக்கக் காயாவிட்டாலும் பாதிக்கு மேல் காய்ந்துவிடும். இதை இரண்டு வாரம் விடாமல் செய்தவர்களில் பலர் வாடை குறைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். ஏற்கெனவே பூஞ்சை கெட்டியாகப் பிடித்திருந்தால் இது மட்டும் போதாது, காயிலைச் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும். நுரையாக வரும் காயில் க்ளீனர் கிடைக்கிறது, அதை ஃபில்டர் பொந்து வழியாகவோ தண்ணீர் இறங்கும் குழாய் வழியாகவோ உள்ளே செலுத்தி ஊறவிட்டால் அழுக்கோடு கீழே இறங்கும். டேஷ்போர்டைக் கழற்றாமலே செய்யலாம். அப்படியும் போகாவிட்டால்தான் கழற்றுவதைப் பற்றிப் பேச வேண்டும். வாடை என்று சொன்னதுமே டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னால், இன்னொரு இடத்திலும் கேளுங்கள்.

அப்புறம் அந்தத் தண்ணீர்க் குழாயைக் கவனியுங்கள். புழுக்கமான நாளில் அரை மணி நேரம் ஏசி ஓடிய வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டியே தீரும். சொட்டவில்லை, இடதுபக்கம் கால் வைக்கும் மேட்டை (மிதி விரிப்பை)த் தூக்கிப் பார்த்தால் அடியில் ஈரம் என்றால், குழாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே திரும்புகிறது. கார்ப்பெட்டுக்கு அடியில் தடிமனான பஞ்சு விரிப்பு ஒன்று இருக்கும், அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் விடாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் ஏறிய வண்டிகளில் நான் பார்த்தது இதைத்தான்: மேலே துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள், சீட்டைக் கழற்றிக் கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் கறுப்பாகப் பூத்திருக்கும். தண்ணீர் ஏறிய வண்டியில் சீட்டைக் கழற்றி விரிப்பை வெளியே எடுத்து வெயிலில் போடாமல் இருந்தால் அந்தச் சுத்தம் சுத்தமே இல்லை. தரையில் பசை போட்டு ஒட்டும் லேமினேஷனையும் இதே காரணத்துக்காகவே நான் வேண்டாம் என்கிறேன். அடியில் போன ஈரம் வெளியே வர வழி இருக்காது.

இனி தும்மல். உங்கள் வண்டிக்கு கேபின் ஃபில்டர் என்று ஒன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர் வேறு, நீங்கள் மூச்சுவிடும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் வேறு. சர்வீஸ் பில்லில் ஏர் ஃபில்டர் மாற்றியதாக இருப்பதைப் பார்த்துவிட்டு இதுவும் மாறிவிட்டது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் கிளவ் பாக்ஸைக் காலி செய்து இரண்டு பக்கமும் உள்ளே அழுத்தினால் அது கீழே மடங்கும், பின்னால் நீளமான ஒரு மூடி தெரியும், மூடியைத் திறந்தால் ஃபில்டர். ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். விலை குறைந்த சில மாடல்களில் ஃபில்டர் வைக்க இடம் விட்டிருப்பார்கள், ஆனால் ஃபில்டர் வைத்துத் தந்திருக்க மாட்டார்கள். அப்படி வந்த வண்டியில் மூன்று வருஷமாக ரோட்டுத் தூசி நேராகக் காயில்மேல் போய்ப் படிந்துகொண்டிருக்கும்.

வழக்கமாகச் சொல்லும் கணக்கு 10,000 முதல் 15,000 கிலோமீட்டர் அல்லது வருஷத்துக்கு ஒன்று. உங்கள் வழியில் மெட்ரோ வேலை நடக்கிறது, தூசிக்குப் பஞ்சமில்லை, அதனால் நான் ஆறு மாதம் என்பேன். சில நூறு ரூபாய்தான். காகிதம்போல் வெள்ளையாக இருப்பது தூசியை மட்டும் பிடிக்கும். சாம்பலும் கறுப்புமாக இருப்பது கார்பன் சேர்த்தது, அது தூசியோடு புகையின் வாடையையும் ஓரளவு பிடிக்கும். நெரிசலில் போகிறவர்கள் கார்பன் உள்ளதையே வாங்குங்கள், கூடக் கொடுக்கும் காசு வீண் போகாது. ஃபில்டர் ஓரத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும், காற்று போகும் திசையில் அது இருக்க வேண்டும், தலைகீழாக மாட்டிய ஃபில்டரை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்று சொல்லிவிடுகிறேன், பழைய ஃபில்டரைத் தண்ணீரில் அலசி மறுபடி மாட்டாதீர்கள், ஏர் கன் வைத்து அடிக்கவும் விடாதீர்கள். அந்த இழைகளில் இருக்கும் மின்னேற்றம்தான் நுண்ணிய தூசியை இழுத்துப் பிடிக்கிறது. தண்ணீர் பட்டால் அது போய்விடும், அழுத்தமான காற்று இழைகளைப் பிரித்துவிடும். பார்க்கச் சுத்தமாக இருக்கும், வேலை செய்யாது.

மரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் இடத்தில் கறுப்பு ஜாலி ஒன்று இருக்கிறதே, வெளிக்காற்று உள்ளே வருவது அந்த வழியாகத்தான். வேப்பம்பூவும் சருகும் அங்கே விழுந்து மழையில் ஊறி அழுகினால் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறோம். வாரம் ஒருமுறை கையாலேயே அள்ளிப் போட்டுவிடலாம். எலி உள்ளே போவதும் இந்தப் பக்கமாகத்தான். ஃபில்டரைக் கடித்துப் பஞ்சாக்கி ப்ளோயரில் கூடு கட்டியிருந்த வண்டிகள் மழைக்காலத்தில் தவறாமல் வரும். எலிப் புழுக்கையோ மூத்திர வாடையோ தெரிந்தால் ப்ளோயரைப் போடாமல் கொண்டு வாருங்கள். போட்டால் அத்தனையும் முகத்தில்தான் வந்து அடிக்கும்.

இப்போது தூக்கமும் தலைக்கனமும். நான் மனதார வலியுறுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான், ஏனென்றால் இது வண்டி ஓட்டுகிறவரின் உயிர் சம்பந்தப்பட்டது. டேஷ்போர்டில் காருக்குள் அம்பு வளைந்து திரும்புவதுபோல் படம் போட்ட பட்டன் ஒன்று இருக்கிறது, ரீசர்க்குலேஷன். அதை அழுத்தினால் வெளிக்காற்று நின்றுபோய் உள்ளே இருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வரும். சீக்கிரம் குளிரும் என்பதால் வண்டி வாங்கிய அன்று அழுத்தியதைப் பலர் பிறகு தொட்டதே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்ன காரின் உள்ளே இருக்கும் காற்று சுமார் 3,000 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் மணிக்கு 15 முதல் 20 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறார். நான்கு பேர் என்றால் 70 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிஷத்தில் கிட்டத்தட்ட 12 லிட்டர். 3,000க்கு 12 என்றால் பத்து லட்சத்தில் 4,000 பங்கு. வெளியே திறந்த வெளியில் அது 420 பங்கு அளவில்தான் இருக்கிறது. கதவு இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று மாறுவதால் நிஜத்தில் அவ்வளவு வேகமாக ஏறாது. ஆனால் என் வண்டியில் மீட்டர் வைத்து நான்கு பேரோடு போனபோது இருபது நிமிஷத்துக்குள் 3,000ஐத் தாண்டியது. பட்டனை எடுத்து வெளிக்காற்றை விட்டதும் ஐந்தாறு நிமிஷத்தில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. பொதுவாக அறைக்குள் 1,000ஐத் தாண்டினாலே காற்று பழசாகிவிட்டது என்று கணக்கு. இரண்டாயிரம், மூவாயிரம் என்று போகும்போது தலை கனக்கும், கொட்டாவி வரும், கவனம் மந்தமாகும். நீங்கள் அதை ஆபீஸ் அலுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அலுப்பும் இருக்கும், ஆனால் நான்கு பேர் மூச்சைத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் போவது அதைவிடப் பெரிய காரணம். ராத்திரி நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகும்போது இதை மறக்கவே கூடாது. பின்சீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், ஓட்டுகிறவருக்கும் கண் சொக்குகிறது என்றால் டீ குடிக்க நிறுத்துவதற்கு முன்பே அந்தப் பட்டனைப் பாருங்கள்.

அதற்காக எப்போதும் வெளிக்காற்றே என்றும் சொல்ல மாட்டேன். லாரிக்கும் பஸ்ஸுக்கும் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும்போது வெளிக்காற்று உள்காற்றைவிட மோசம். பிஎம் 2.5 என்கிற நுண்தூசிக்கு நம் நாட்டுத் தர அளவு ஒரு நாள் சராசரியாக கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார அமைப்பு 2021இல் சொன்னது 15. சைலன்சருக்குப் பின்னால் நிற்கும்போது இரண்டையும் தாண்டியிருப்போம். அங்கே ஜன்னலை ஏற்றி ரீசர்க்குலேஷன் போடுவதுதான் சரி. பல வண்டிகளில் சுற்றி வரும் காற்றும் அதே ஃபில்டர் வழியாகத்தான் போகிறது, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூசி குறையும். உங்கள் வழிக்கு நான் சொல்வது: மேடவாக்கம் நெரிசலில் மூடி வையுங்கள், ரோடு கொஞ்சம் விட்ட இடத்தில் மூன்று நான்கு நிமிஷம் திறந்து விடுங்கள், மறுபடி நெரிசல் வந்தால் மூடுங்கள். நான்கு பேர் இருக்கும்போது பதினைந்து நிமிஷத்துக்கு மேல் தொடர்ந்து மூடியே வைக்காதீர்கள். தனியாகப் போனால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். போகிப் பண்டிகை காலையிலும் குப்பை எரிகிற இடத்தைக் கடக்கும்போதும் மூடியே போங்கள். மழையில் கண்ணாடி உள்பக்கம் பனிப்பது நம் மூச்சின் ஈரத்தால்தான், அப்போது ரீசர்க்குலேஷனை எடுத்துவிட்டு ஏசியை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பினால் உடனே தெளியும்.

வாசனைப் பொருள்கள் பற்றி. வாடை வந்தால் ஒரு டப்பா ஜெல் வாங்கி வைப்பது நம் வழக்கம். அது வாடையை எடுப்பதில்லை, அதன்மேல் இன்னொன்றைப் பூசுகிறது. வெயிலில் நிற்கும் காரில் அந்த ஜெல்லிலிருந்து ஆவியாகும் ரசாயனங்களும் சேர்ந்து மூக்குக்குப் போகின்றன. தும்மும் குழந்தை இருக்கும் வண்டியில் அதை முதலில் எடுத்துவிடுங்கள். டேஷ்போர்டில் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர், நானும் பூ வைத்துத்தான் வண்டி எடுப்பேன். ஆனால் எரியும் ஊதுபத்தியின் புகை கண்ணுக்குத் தெரியாத நுண்தூசிதான், மூடிய காரில் அது போக இடமில்லை. ஏற்றியே ஆக வேண்டும் என்றால் நான்கு கதவையும் திறந்து வைத்து ஏற்றி, அணைந்த பிறகு புறப்படுங்கள். பாச்சா உருண்டையை சீட்டுக்கடியில் போடவே போடாதீர்கள். அதில் இருக்கும் நாப்தலீன், ஜி6பிடி என்ற என்சைம் குறைவாகப் பிறந்த குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது, அந்தக் குறை இருப்பது வீட்டாருக்கே தெரியாமல் இருக்கலாம். சிகரெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலை இறக்கிவிட்டுப் பிடித்தாலும் சீட்டுத் துணியிலும் மேற்கூரையிலும் அது ஊறிவிடும். குழந்தை இருக்கும் காரில் புகைப்பது குற்றம் என்று இங்கிலாந்தில் 2015 அக்டோபரிலிருந்தே சட்டம் இருக்கிறது.

வாட்ஸ்அப் பென்சீன் செய்திக்கு வருகிறேன். அதில் சதுர அடிக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஒரு அளவு வரும். காற்றில் இருப்பதைக் கன மீட்டருக்கு எவ்வளவு என்றுதான் அளப்பார்கள், சதுர அடி என்பது தரையின் கணக்கு. அதிலிருந்தே அதை எழுதியவர் அளந்து எழுதவில்லை என்பது தெரிகிறது. ஆனால் முழுக்கப் பொய் என்றும் ஒதுக்க முடியாது. புதுக் காரின் வாசனை என்று நாம் ரசிப்பது பிளாஸ்டிக், பசை, சீட்டின் ஃபோம் இவற்றிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு, டொலுவீன் போன்றவைதான். வெயில் ஏற ஏற அதிகம் கசியும், மாதங்கள் போகப் போகக் குறையும். காருக்குள் இவை எவ்வளவு இருக்கலாம் என்று சீனா 2012இலிருந்து வழிகாட்டு அளவே வைத்திருக்கிறது. பென்சீனுக்கு அது கன மீட்டருக்கு 0.11 மில்லிகிராம். புது வண்டி வாங்குகிறவர்கள் சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் ஆறு மாதம் ஓட்டுவதை தயவுசெய்து விட்டுவிடுங்கள், முதல் நாளே கிழித்துப் போடுங்கள்.

வெயிலில் நின்ற காரை ஜன்னல் திறந்துவிட்டு எடுப்பது எப்படியும் நல்லது, காரணம் சூடு. ஒரு பக்க ஜன்னலை இறக்கிவிட்டு எதிர்ப்பக்கக் கதவை ஐந்தாறு முறை விசிறிபோல் திறந்து மூடுங்கள், உள்ளே கொதித்த காற்று வெளியேறிவிடும். பிறகு ஜன்னல் திறந்தபடி ஏசி போட்டு ஒன்றிரண்டு நிமிஷம் ஓட்டி, அப்புறம் மூடினால் ஏசியும் சீக்கிரம் குளிரும். ஐந்து நிமிஷ வேலைதான் என்று குழந்தையை அந்தக் காருக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள். வெளியே 35 டிகிரி இருந்தால் உள்ளே ஒரு மணி நேரத்தில் 50ஐத் தாண்டும், அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடும்.

ப்யூரிஃபையர். நுண்தூசியைப் பிடிக்கும் நல்ல ஹெப்பா ஃபில்டர் உள்ளதாக இருந்தால் தூசியைக் குறைக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கார்பன் டை ஆக்சைடை அது தொடவே தொடாது, கார்பன் மோனாக்சைடையும் தொடாது, காயில் பூஞ்சையையும் எடுக்காது. உங்கள் மூன்றில் இரண்டுக்கு அதனால் பயனே இல்லை, மூன்றாவதுக்கு புது கேபின் ஃபில்டரே பெரும்பாலும் போதும். ஃபில்டரே இல்லாமல் அயனி விடுகிறேன், ஓசோன் விடுகிறேன் என்று சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன சாதனங்களை வாங்காதீர்கள். ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்னும் கெடுதல்.

கடைசியாக, கேட்காத ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. ஏசி போட்டுக்கொண்டு நிறுத்திய காரில் தூங்குவது. சவாரிக்காகக் காத்திருக்கும் டிரைவர் தம்பிகள் இதை அதிகம் செய்கிறார்கள். இன்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடுவார். 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரையில் ரோட்டோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள், ஜெனரேட்டர் புகை உள்ளே கசிந்திருந்தது. மூடிய ஷெட், அடித்தளப் பார்க்கிங், சைலன்சர் சேற்றிலோ தண்ணீரிலோ மூழ்கிய இடம், இங்கெல்லாம் இன்ஜினை ஓடவிட்டு ஒரு நிமிஷம்கூட உள்ளே இருக்காதீர்கள். வெட்டவெளியில்கூட, தூங்குவது என்றால் இன்ஜினை அணைத்து, நிழலில் நிறுத்தி, ஜன்னலை நான்கு விரல் இறக்கிவிட்டுத் தூங்குங்கள். கொசுவுக்கு ஜன்னலில் மாட்டும் வலை கிடைக்கிறது. அதேபோல் பீரோ, கட்டில் என்று ஏற்றிக்கொண்டு டிக்கியைக் கயிறு கட்டித் திறந்தபடி ஓட்டுகிறோமே, அப்போது ஓடும் வண்டிக்குப் பின்னால் சுழலும் காற்று சைலன்சர் புகையை உள்ளே இழுத்துவிடும். வேறு வழியில்லை என்றால் முன் ஜன்னல்களை இறக்கி, ப்ளோயரை வெளிக்காற்றில் வைத்து ஓட்டுங்கள். டிக்கி ரப்பர் கிழிந்திருந்தாலோ, வண்டிக்குள் புகை வாடையோடு தலைவலி, குமட்டல் வந்தாலோ, அன்றே சைலன்சர் லைனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆக, இந்த ஞாயிற்றுக்கிழமை கிளவ் பாக்ஸைத் திறந்து ஃபில்டரைப் பாருங்கள், ஜெல் டப்பாவை எடுத்துவிடுங்கள், மேட்டைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள், சீட்டையும் தரையையும் வாக்யூம் போடுங்கள். திங்கள்கிழமையிலிருந்து அந்தப் பட்டனைக் கவனித்து ஓட்டுங்கள். காயில் க்ளீனிங் அதற்கு அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். இவ்வளவும் செய்து ஒரு மாதம் கழித்தும் மகன் காரில் ஏறினால் தும்முகிறான், அல்லது ராத்திரி வீட்டிலும் இருமுகிறான், மூச்சில் விசில் சத்தம் கேட்கிறது என்றால் அது காரோடு முடிகிற விஷயம் இல்லை, குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள், ஆஸ்துமா இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.